கோட்டையில் போட்ட சட்டத்தைக் கோட்டையில்தான் கேட்க முடியும்

ராயபுரம், ஆர்.கே. நகர், பெரம்பூர், திரு.வி.க. நகர், கொளத்தூர், துறைமுகம், திருவொற்றியூர் தொகுதிகளிலிருந்து கோட்டைக்குப் போன சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

"போலீஸ் மேட்டர்ல எம்.எல்.ஏ. தலையிடக் கூடாதும்மா, கோர்ட்டுல பாத்துக்குங்க." உங்களில் ஒருவருடைய அலுவலகத்தில் என் அக்காவுக்குக் கிடைத்த பதில் இது. யார் அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, கட்சிப் பெயரும் வேண்டாம், வேறு எந்தத் தொகுதியில் கொடுத்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அக்கா கொண்டுபோன மனுவை டைப் செய்தவள் நான். அதில் யாரையும் விடுவிக்கச் சொல்லியோ, ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடச் சொல்லியோ ஒரு வரி கிடையாது. 1982ஆம் வருடத்து தமிழ்நாடு 14ஆம் எண் சட்டத்தைப் பற்றி, அதாவது குண்டாஸ் சட்டத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் ஒரு கேள்வி கேளுங்கள் என்றுதான் இருந்தது. ஸ்டேஷனுக்குப் போன் போடுவது உங்கள் வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன் (அந்த வேலை நடக்காத அலுவலகம் எது என்று தெரிந்தால் சொல்லுங்கள், அது வேறு கதை). ஆனால் சட்டம் போடுவது, திருத்துவது, தேவையில்லை என்றால் எடுப்பது, இதற்காகத்தானே உங்களுக்கு ஓட்டுப் போட்டோம்?

டெல்லி போட்ட சட்டமாக இருந்தால் நீங்களே மைக் பிடித்திருப்பீர்கள். இது டெல்லி போட்டதில்லை. ஜார்ஜ் கோட்டைக்குள், எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே வந்துவிடுகிற இடத்தில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் போட்டது. குண்டாஸ், குண்டாஸ் என்று சொல்கிறோமே, அந்தச் சட்டத்தின் முழுப்பெயரைப் படித்தால் மூச்சு வாங்கும். கள்ளச்சாராயம், போதைப்பொருள், குண்டர், விபச்சாரத் தொழில், குடிசைப்பகுதி நில அபகரிப்பு என்று ஆரம்பித்து, அப்புறம் வனக் குற்றம் சேர்ந்தது, 2004இல் திருட்டு வீடியோ சேர்ந்தது, மணல் சேர்ந்தது, 2014இல் சைபர் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. எந்த ஆட்சி வந்தாலும் பட்டியல் நீண்டதே தவிர ஒரு தடவைகூடச் சுருங்கவில்லை.

இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைக்க வேண்டும், இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். சென்னையில் காவல் ஆணையர், மாவட்டங்களில் கலெக்டர் ஒரு ஆணையில் கையெழுத்துப் போடுகிறார். இந்த ஆள் வெளியே இருந்தால் பொது அமைதிக்குக் கெடுதல் என்று அவருக்கு மனதில் பட்டால் போதும். 5 நாளுக்குள் காரணங்களைக் கைதியிடம் கொடுக்க வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும், 3 வாரத்துக்குள், ஆணைக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கிற அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும், தடுப்புக்காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கழகம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். எல்லாம் தாண்டிவிட்டால் 12 மாதம் வரை உள்ளே. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் கிடையாது. வக்கீல் அல்லாத ஒரு நண்பரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டாவது படித்துவிட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற பையனுக்கு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி முன்னால் போய்ப் பேச எந்த நண்பன் வருவான்?

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், ஹால் டிக்கெட், பத்திரம் எல்லாம் என் மிஷின் வழியாகத்தான் போகிறது. அதில் ஒரு கட்டு மட்டும் வந்து மேஜையில் விழும்போதே தெரிந்துவிடும். குண்டாஸ் புக் என்போம். தடித்த கட்டு, ஓரத்தில் வெள்ளை நூல் டேக். மேலே தடுப்புக்காவல் ஆணை, காரணங்கள், அதற்குத் தமிழாக்கம், அப்புறம் எஃப்.ஐ.ஆர்., ஒப்புதல் வாக்குமூலம், மகஜர், ரிமாண்ட் ரிப்போர்ட், கடைசியில் சம்பந்தமே இல்லாத வேறொருவருக்கு எப்போதோ கிடைத்த ஜாமீன் உத்தரவு. அந்தக் கேஸில் ஜாமீன் கொடுத்தார்கள், இவனுக்கும் கொடுத்துவிடுவார்கள், அதனால் குண்டாஸ் போடுகிறோம் என்பதற்கு அது ஆதாரமாம். ஜாமீன் கொடுப்பது நீதிபதியின் வேலை. அவர் கொடுத்துவிடுவாரோ என்கிற பயத்தில் முந்திக்கொள்வதற்கு ஒரு சட்டம்.

அந்தக் கட்டின் பாதிப் பக்கங்கள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தவை. ஸ்டாம்ப் இருந்த இடத்தில் கறுப்புத் திட்டு, கையெழுத்து இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, சில பக்கம் குறுக்கே கோடு கோடாக ஓடியிருக்கும், அது டிரம் போன மிஷின், பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அம்மாக்கள் அதைக் கொண்டுவந்து "இதுல இன்னாம்மா எழுதியிருக்கு" என்று கேட்பார்கள். பல பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அதை அனுப்பிய அதிகாரிக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பாருங்கள், பிற்பாடு உயர் நீதிமன்றத்தில் பையனைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தக் கறுப்புத் திட்டுதான். படிக்க முடியாத பக்கம் கொடுத்தால், அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு கொடுத்திருக்கிற, ஆணையை எதிர்த்து முறையிடும் உரிமை பறிபோகிறது என்று ஆட்கொணர்வு மனுவில் ஆணையை ரத்து செய்வார்கள். இல்லாவிட்டால் முறையீட்டைப் பார்க்க அரசு தாமதம் செய்தது என்பதற்காக, தமிழாக்கம் சரியில்லை என்பதற்காக ரத்தாகும்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. ரத்தாகும்போதும் அந்தப் பையன் அந்தக் குற்றத்தைச் செய்தானா இல்லையா என்று யாருமே கேட்பதில்லை. உள்ளே போட்டபோதும் கேட்கவில்லை, வெளியே விட்டபோதும் கேட்கவில்லை. அதிகாரியின் மனநிறைவுக்குள் நீதிமன்றம் நுழைந்து பார்க்காது, நடைமுறை சரியா என்று மட்டும் பார்க்கும். ஆகவே உண்மையிலேயே கத்தியை எடுத்துக்கொண்டு திரிந்தவனும் டோனர் தீர்ந்ததால் வெளியே வருகிறான், ஒன்றும் செய்யாதவனும் டோனர் தீர்ந்தால்தான் வெளியே வர முடிகிறது. இரண்டு பேரும் அதற்குள் பல மாதம் புழல் சிறையில் இருந்திருப்பார்கள்.

இப்போது என் அக்கா மகன் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். ஒரு சாவு ஊர்வலத்தில் இரண்டு தெருப் பையன்களுக்குள் அடிதடி, அப்போது அவனுக்குப் பதினெட்டு முடியவில்லை. இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015இன் 24ஆவது பிரிவு, சிறு வயதில் நடந்ததை வைத்துப் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது, உரிய காலத்துக்குப் பின் ஆவணத்தையே அழிக்க வேண்டும் என்கிறது. அவன் குண்டாஸ் புக்கில் அந்தக் கேஸும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆவது பிரிவைப் போட்டு பவுண்ட் ஓவர், அதாவது நன்னடத்தைப் பிணை. (இப்போது புதுச் சட்டத்தில் அது 129, ஆனால் ஏரியாவில் இன்னும் 110தான்.) விநாயகர் சதுர்த்தி வந்தால், புது வருஷம் வந்தால், எலெக்ஷன் வந்தால், வி.ஐ.பி. யாராவது வந்தால் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். கடைசியாக, கத்தியைக் காட்டிப் பணம் பறித்தான் என்று ஒரு கேஸ், அதன் மேல் குண்டாஸ்.

அந்த ஆணையில் ஒரு பத்தி இருக்கிறது. மேற்படி நபர் கத்தியைச் சுழற்றிக்கொண்டு மிரட்டியதால் பொதுமக்கள் உயிருக்குப் பயந்து நாலாபக்கமும் சிதறி ஓடினார்கள், கடைக்காரர்கள் கடைகளை இழுத்து மூடினார்கள், வாகனங்கள் திரும்பிப் போயின, பொது அமைதி குலைந்தது. இதே பத்தியை நான் என் கடையில் எத்தனை புக்கில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. தெருப் பெயரும் ஆள் பெயரும் மாறும், ஓடுகிற மக்கள் அதே மக்கள்தான். இந்த முறை போட்டிருந்த தெரு என் கடை இருக்கிற தெரு. அன்று சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஷட்டரைத் தொடவே இல்லை. எதிரே இருக்கிற பஜ்ஜிக் கடைக்காரரும் எண்ணெயை இறக்கவில்லை. பொது அமைதி குலைந்ததா என்று ஒரு போலீஸ்காரர்கூட என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, அந்தச் சட்டத்தில் என்னைக் கேட்கிற இடமே இல்லை.

அக்கா வாராவாரம் புழலில் மனு போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். வக்கீல் பீஸுக்குக் காதில் இருந்தது போனது. பல மாதம் கழித்து உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது, காரணம் நான் மேலே சொன்னதுபோலப் படிக்க முடியாத பக்கங்கள். அந்தப் பணம் பறித்த கேஸ்? அது இன்னும் தொடங்கவே இல்லை, வாய்தா மேல் வாய்தா. அவன் செய்திருந்தால் அதற்கு ஒரு தண்டனை இருக்கட்டும், செய்யவில்லை என்றால் விடுதலை இருக்கட்டும். இரண்டும் இல்லாமலே ஒரு சிறைவாசத்தை முடித்துவிட்டு வந்து நிற்கிறான். இதற்கு நஷ்ட ஈடு என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

வந்த பிறகாவது விட்டார்களா என்றால் இல்லை. எச்.எஸ். என்கிற சரித்திரப் பதிவேட்டில், அதாவது போலீஸ் தொடர்ந்து கண்காணிக்கிற ஆட்களின் பதிவேட்டில் பெயர் ஏறியாகிவிட்டது, ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்களே, அதில் இவன் சி. ராத்திரி வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார்கள். தூங்குகிறவனை எழுப்பி வாசலில் நிற்க வைத்து போனில் போட்டோ. பக்கத்தில் படுத்திருந்த தம்பியையும் சேர்த்து எடுத்தார்கள், அவனுக்கு எந்தக் கேஸும் இல்லை. வாடகை வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதமே காலி பண்ணச் சொல்லிவிட்டார். டெலிவரி வேலைக்குப் போகலாம் என்றால் போலீஸ் வெரிஃபிகேஷன்.

ராத்திரியில் வீட்டுக்கு வந்து பார்க்கிற அதிகாரம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1962 டிசம்பர் 18. கைது எப்படிச் செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் விதிகள் கொடுத்ததும் ஒரு டிசம்பர் 18தான், 1996இல். இரண்டு தீர்ப்புகளும் எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. 2024 மே மாதம் அமானதுல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் நேரடியாகவே பேசியது. சரித்திரப் பதிவேடு போலீஸின் உள் ஆவணம், ஊருக்குக் காட்டுவதற்கு இல்லை, சிறுவர்கள் விவரத்தை அதில் சேர்க்கக் கூடாது, பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி சமூகங்களைச் சேர்ந்த அப்பாவிகள் பெயர் சாதிக் கண்ணோட்டத்தில் அதில் ஏறிவிடக் கூடாது, எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாடு திரும்பிப் பார்த்ததா? உங்களில் யாராவது கேட்டீர்களா?

போட்டோ விஷயத்தையும் விடக் கூடாது. 2021 அக்டோபரில் முக அடையாள மென்பொருள் நம் போலீஸுக்கு வந்தது. அன்றிலிருந்து டீக்கடை வாசலில் நிற்கிற பையன்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து அதில் போட்டுப் பார்ப்பது எங்கள் ஏரியாவில் சாதாரணம். 2022இல் டெல்லி கொண்டுவந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், எடுத்த விவரங்களை 75 வருடம் வைத்துக்கொள்ளலாம் என்கிற கடுமையான சட்டம். அதுகூடக் கைதானவர், தண்டனை பெற்றவர், பிணை எழுதிக் கொடுக்க உத்தரவானவர், தடுப்புக்காவலில் இருப்பவர் என்றுதான் சொல்கிறது. டீ குடிக்கிறவர் என்று சொல்லவில்லை. 2024 மே மாதம் அந்த முக அடையாளத் தளத்தின் தகவல்கள் வெளியே கசிந்ததும் செய்தியாக வந்தது. எங்கள் பிள்ளைகள் முகம் அதற்குள் இருந்ததா என்று யாரிடம் கேட்பது?

ரவுடிகளுக்காக வக்காலத்து வாங்குகிறாள் என்று நினைக்க வேண்டாம். கடை வைத்திருக்கிறேன், மாமூல் கேட்டு வந்து நின்ற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கஞ்சா எங்கள் தெரு முனை வரை வந்துவிட்டது, அதற்கு எங்கள் பிள்ளைகள்தான் பலி. 2024 ஜூலை 5 பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வீட்டு வாசலில் வெட்டியபோது இந்தப் பக்கமே உறைந்துபோனது. ஆனால் அதற்குப் பதிலாக எங்களுக்கு என்ன கிடைத்தது? அந்த செப்டம்பர் முடிவதற்குள் சென்னையில் மூன்று பேர் போலீஸ் துப்பாக்கியில் செத்தார்கள், நூற்றுக்கணக்கான வீடுகளின் கதவு ராத்திரியில் தட்டப்பட்டது. கொலைக்குக் காரணமான எல்லா உண்மையும் கோர்ட்டில் வர வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருத்தி, செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான். கைதானவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு என்று போலீஸ் சொன்னால் இன்று மீம்ஸ் போட்டுச் சிரிக்கிறார்கள், ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும் எப்படி இவ்வளவு வழுக்குகிறது என்று உயர் நீதிமன்றமே கேட்கிற அளவுக்குப் போயும் சிரிப்பு நிற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு வேண்டியது விரைவான விசாரணை, பாதுகாப்போடு வந்து பேசுகிற சாட்சி, தண்டனை. குண்டாஸ் அதில் எதையும் தருவதில்லை. அது விசாரணை நடத்தாமல் இருப்பதற்கு அரசுக்குக் கிடைத்த ஒரு வசதி, அவ்வளவுதான்.

இதையும் நான் புதிதாகச் சொல்லவில்லை. சென்னையில் காலாவதியான மருந்துக்கு லேபிள் மாற்றியதாகக் குண்டாஸில் போடப்பட்டவரின் மனைவி தொடுத்த ரேகா வழக்கில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? சாதாரணச் சட்டம் போதும் என்கிற இடத்தில் தடுப்புக்காவல் போட்டால் அது சட்டவிரோதம் என்றது. நம் ஊர் வழக்கு, நம் ஊர்ச் சட்டம். அதற்குப் பிறகும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் தடுப்புக்காவல் கைதிகள் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல வருடம் முதலிடம். அதே அறிக்கையில் அவர்களுடைய சாதிவாரிக் கணக்கும் இருக்கிறது, சமூக நீதி பேசுகிற யாரும் ஒரு தடவை அந்த அட்டவணையை எடுத்துப் பார்க்கலாம்.

2017இல் சேலம் மாணவி வளர்மதி மீதும் திருமுருகன் காந்தி மீதும் குண்டாஸ் போட்டபோது ஊரே பேசியது, உயர் நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. 2023 நவம்பரில் மேல்மா சிப்காட் தொழிற்பேட்டையை எதிர்த்த செய்யாறு விவசாயிகள் மீது போட்டார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அரசே திரும்பப் பெற்றது. 2024இல் யூடியூப் பத்திரிகைக்காரர் சவுக்கு சங்கர் மீது போட்டதை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, சில நாளிலேயே மறுபடி போட்டார்கள், டிவி விவாதம் எல்லாம் நடந்தது. பேசியது நல்லதுதான். ஆனால் அப்போதெல்லாம் எல்லாரும் சொன்னது "இவர்கள் மீதா குண்டாஸ்?" என்பதுதான். விவசாயி மீது போடக் கூடாது, மாணவி மீது போடக் கூடாது, பத்திரிகைக்காரர் மீது போடக் கூடாது. அப்படியென்றால் வியாசர்பாடிப் பையன் மீது போடலாமா? அவனுக்கு டிவி விவாதம் கிடையாது, புழல் வாசலில் அவன் அம்மா மட்டும்தான்.

உங்கள் கட்சிகளின் வரலாற்றையும் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எமர்ஜென்சி காலத்து மிசா என்பதும் தடுப்புக்காவல் சட்டம்தான். 1976இல் அதில் உள்ளே போனவர்கள் இன்றைக்கும் போஸ்டரில் அதைப் பெருமையாகப் போடுகிறார்கள், போடட்டும், அதற்குத் தகுதி உண்டு. சென்னை மேயராக இருந்த சிட்டிபாபு அந்தச் சிறையில் பட்ட அடியின் பாதிப்பால் 1977இல் இறந்தார். அதற்கு முன்னால் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அன்றைய சென்னை மாநிலச் சிறையிலிருந்து தொடுத்த வழக்குதான் 1950இல் தடுப்புக்காவலைப் பற்றிய முதல் பெரிய தீர்ப்பு, கம்யூனிஸ்டுகள் அதை மறந்திருக்க மாட்டார்கள். வைகோவைப் பொடா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் போட்டது 2002. விசாரணை இல்லாமல் உள்ளே கிடப்பது என்ன என்று உங்கள் கட்சிகளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? உங்கள் தலைவர் உள்ளே போனால் தியாகம், எங்கள் வீட்டுப் பையன் போனால் களையெடுப்பு என்பது எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. டெல்லியின் மூன்று புதுக் குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தபோது தமிழ்நாடு எதிர்த்தது, மாநிலத் திருத்தங்களைப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் குழு போட்டது. சரியான காரியம். ஆனால் அதே மாநிலத்தில் 2013லும் 2014லும் அரசாணை போட்டு போலீஸ் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்து வைத்திருந்தோம். பிடிப்பதும் அவர்கள், பிணை மீறினாய் என்று உள்ளே தள்ளுவதும் அவர்கள். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை அடித்துப்போட்டது. இப்போது புது நடைமுறைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரியைச் சிறப்பு நிர்வாக நடுவராக மாநில அரசு நியமிக்கலாம் என்று அதே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நியமிக்கலாம் என்றுதான் இருக்கிறது, நியமிக்க வேண்டும் என்று இல்லை. டெல்லியை எதிர்க்கிறோம் என்பது உண்மையானால், இந்தக் கதவு வழியாகத் தமிழ்நாடு நுழையாது என்று சட்டமன்றத்தில் சொல்ல வைக்க உங்களால் முடியும். காசு பணம் செலவில்லாத எதிர்ப்பு.

சரி, என்ன கேட்கிறோம் என்று தெளிவாகவே எழுதிவிடுகிறேன், மறுபடி "போலீஸ் மேட்டர்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது எழுத்து மூலமாக இந்தக் கேள்வியைக் கொடுக்க வேண்டும்: கடந்த ஐந்து வருடத்தில் சென்னையில் எத்தனை குண்டாஸ் ஆணைகள், எந்தெந்தக் காவல் நிலைய எல்லையில், அவர்களில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர், அறிவுரைக் கழகம் எத்தனை பேரை விடச் சொன்னது, உயர் நீதிமன்றம் எத்தனை ஆணைகளை எந்தக் காரணத்துக்காக ரத்து செய்தது, மூல வழக்கில் எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது. போலீஸ் மானியக் கோரிக்கை நாளில் இத்தனை பேரைக் குண்டாஸில் போட்டோம் என்பது சாதனையாக வாசிக்கப்பட்டால், இத்தனை ஆணைகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பதும் அதே புத்தகத்தில் அச்சாக வேண்டும்.

டெல்லிச் சட்டத்துக்குக் குழு போட்ட மாதிரி 1982ஆம் வருடத்து 14ஆம் எண் சட்டத்துக்கும் ஒரு குழு வேண்டும். அது புழலுக்கும் வர வேண்டும், எங்கள் தெருக்களுக்கும் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் கேட்பது இந்தச் சட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்பதுதான், அதற்குத் தனிநபர் மசோதா கொண்டுவர எந்த உறுப்பினருக்கும் உரிமை இருக்கிறது. அது உடனே நடக்காது என்று எனக்கும் தெரியும். அதுவரை இடைக்காலமாக, அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை, அரசு செலவில் சட்ட உதவி, ஆணை ரத்தானால் உள்ளே இருந்த ஒவ்வொரு நாளுக்கும் நஷ்ட ஈடு, குண்டாஸ் போட்டால் மூல வழக்கை ஆறு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்கிற கட்டாயம், இந்த நான்கையும் திருத்தமாகக் கொண்டுவாருங்கள்.

2024ஆம் வருடத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சரித்திரப் பதிவேட்டு விதிகளைத் திருத்தும்படி உள்துறையிடம் கேளுங்கள். சிறு வயது வழக்குகள் அதிலிருந்து நீங்க வேண்டும், ஒருவர் பெயர் ஏறினால் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எடுக்கச் சொல்லி முறையிட போலீஸுக்கு வெளியே ஒரு இடம் வேண்டும். ராத்திரி வீடு தேடி வருவதும், தெருவில் நிறுத்திப் படம் எடுப்பதும் நிற்க வேண்டும். இதுவரை எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள், எடுத்த படங்கள் எங்கே இருக்கின்றன என்று அரசு அவையில் பதில் சொல்ல வேண்டும். போலீஸ் அதிகாரிகளை நிர்வாக நடுவர்களாக நியமிக்க மாட்டோம் என்ற உறுதியும் அதே அவையில் வேண்டும்.

பதிலை எழுத்தில் கொடுங்கள். போனில், நேரில், கட்சிக்காரர் மூலமாக வேண்டாம். எந்தக் கேள்வியை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று உங்கள் அலுவலக வாசலில் ஒட்டினாலே போதும், அதை ஜெராக்ஸ் எடுத்து ஏரியா முழுக்கக் கொடுக்கிற செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி